வெளிநாட்டுத் தளங்களில் மழைக்கோட் வாங்கும்போது நாம் விடும் பிழைகள்

ஐப்பசியில் முதல் மழை தகரத்தில் விழுந்து சத்தம் கேட்ட பிறகுதான் எங்களில் பலர் மழைக்கோட் தேடத் தொடங்குகிறோம். போனை எடுத்து, வெளிநாட்டுத் தளம் ஒன்றைத் திறந்து, படம் மனதுக்குப் பிடித்தால் ஓர்டர் போட்டுவிடுகிறோம். முதல் பிழை அங்கேயே நடந்துவிடுகிறது. அந்தப் பார்சல் கொழும்புக்கு வந்து, சுங்கம் தாண்டி, யாழ்ப்பாணம் வந்து சேர மூன்று கிழமையும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். எங்களுக்கோ ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நான் ஒருமுறை ஒக்டோபர் கடைசியில் போட்ட ஓர்டர் தைப்பொங்கலுக்குப் பிறகுதான் கைக்கு வந்தது. அந்த மாரி முழுவதும் பொலித்தீனைப் போர்த்திக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். நவம்பர் 11 அன்று தளங்கள் போடும் பெரிய தள்ளுபடியும் இதே காரணத்தால் எங்களுக்கு உதவாது. நல்லூரில் கொடியேறும் காலத்திலேயே ஓர்டரைப் போட்டுவிட்டால் நிம்மதி.

அடுத்தது, அந்தக் கோட் எந்த மழைக்குத் தைக்கப்பட்டது என்று யோசிக்காமல் வாங்குவது. தளத்தில் இருக்கும் படத்தில் ஒருவர் மலையடிவாரத்தில் குளிரில் நிற்பார். கோட்டுக்கு உள்ளே மெத்தென்ற துணி வேறு வைத்துத் தைத்திருப்பார்கள். எங்கள் மாரி மழை வெக்கையும் புழுக்கமும் சேர்ந்த மழை. லண்டனில் இருந்து சித்தப்பா அனுப்பிய விலை கூடிய ஜக்கெற் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு நான் முதன்முதலாக வெளிக்கிட்டபோது அம்மா சொன்னா: "உதைப் போட்டுக்கொண்டு போனா மழையில நனையமாட்டாய், வேர்வையில தோய்ஞ்சுதான் வருவாய்." அப்படியேதான் நடந்தது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 'காற்றோட்டமுள்ளது', 'மூச்சுவிடும் துணி' என்று விற்கப்படும் கோட்டுகளில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். உடம்பில் இருந்து எழும் நீராவி அதனூடாக வெளியே போகும், மழைத்துளி உள்ளே வராது. ஆனால் உள்ளே ஈரம் கூடவும் வெளியே குறையவும் இருந்தால்தான் நீராவி வெளியே தள்ளப்படும். குளிர்நாட்டில் அந்த வித்தியாசம் பெரிதாக இருக்கும். இங்கே கார்த்திகை மழையில் வெளிக்காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது, சூடும் அவ்வளவாகக் குறைவதில்லை. அதனால் சவ்வு தன் வேலையைச் சரியாகச் செய்ய வழியில்லை. என்னைக் கேட்டால், அந்தச் சவ்வுக்காக இரண்டு மூன்று மடங்கு விலை கொடுக்க வேண்டாம். அந்தக் காசைத் தளர்வான வெட்டு, முதுகில் மடிப்புக்குக் கீழே காற்றுப் போகும் வழி, உள்ளே உடம்பில் ஒட்டாத வலைத்துணி ஆகியவற்றுக்குக் கொடுங்கள். கோட் உள்ளே ஈரமாக இருந்தால் ஒழுகுகிறது என்று உடனே முடிவு கட்டவும் கூடாது. பாதி வேளைகளில் அது எங்கள் வேர்வைதான்.

விவரத்தில் வரும் சொற்களிலும் எண்களிலும்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 'வோட்டர் ரெசிஸ்டன்ற்' என்றால் தூறலைக் கொஞ்ச நேரம் தாங்கும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'வோட்டர்புறூவ்' என்று போட்டிருந்தாலும் எண் இருக்கிறதா என்று பாருங்கள். துணியின் மேல் நீர்த்தூண் ஒன்றை உயர்த்திக்கொண்டே போய், எந்த உயரத்தில் தண்ணீர் கசிகிறது என்று அளப்பார்கள். 5000 மில்லிமீற்றர் என்றால் ஐந்து மீற்றர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கியது என்று பொருள். நடந்து போகிறவருக்கு 2000, 3000 போதும். மோட்டார் சைக்கிளில் காற்றோடு மழை வந்து அடிக்கும், சீற்றில் உட்கார்ந்த இடம் உடம்புப் பாரத்தில் அழுந்தும். அதற்கு 5000க்குக் குறையாமல் பார்ப்பது நல்லது. '190T', '210T' என்று பெரிதாகப் போட்டிருப்பது துணியின் இழை நெருக்கத்தை மட்டும் சொல்வது. மழையைத் தாங்குவதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

எண்ணும் சரியாக இருந்து, கோட் ஒழுகினால்? அப்போது தையலைப் பாருங்கள். எனக்கு இது விளங்கியது சுன்னாகத்தில் ஒரு தையல்கடையில். ஒழுகிய காற்சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்கார ஐயா அதை உட்புறம் வெளியே வரத் திருப்பி, கவட்டுத் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, மேசை விளக்குக்கு நேரே காட்டினார். தையல் நெடுக ஊசிமுனை போல வெளிச்சப் புள்ளிகள் வரிசையாக மினுங்கின. "தம்பி, ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. அதை மூடாமல் விட்டா, சீலை எவ்வளவு நல்லதெண்டாலும் என்ன பிரயோசனம்?" என்றார்.

அவர் சொன்னதைத்தான் இப்போது ஒவ்வொரு விவரத்திலும் தேடுகிறேன். நல்ல மழைக்கோட்டில் தையலின் உட்புறம் ஒரு விரல் அகலத்துக்கு ரேப், அதாவது ஒட்டும் நாடா, சூட்டில் ஒட்டப்பட்டிருக்கும். உட்புறப் படம் ஒன்றாவது தளத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் விற்பவருக்கு எழுதிக் கேளுங்கள், படம் அனுப்பச் சொல்லுங்கள். தோள்பட்டையிலும் தொப்பியிலும் மட்டும் ரேப் ஒட்டி, மற்றதைச் சும்மா விடுவதும் உண்டு. நடப்பவருக்கு அது பரவாயில்லை. மோட்டார் சைக்கிளில் தண்ணீர் வழிந்து வந்து தேங்குவது மடியில், நேரே கவட்டுத் தையலின் மேல். அங்கே ரேப் இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் உள்ளே குளிரும். ஈஎன் 343 என்ற ஐரோப்பியத் தரம் துணியோடு தையலையும் சேர்த்தே சோதிக்கச் சொல்கிறது. மலிவான கோட் ஒன்றின் விவரத்தில் அந்தப் பெயரைக் கண்டால், உட்கழுத்து லேபிளிலும் அது அச்சிடப்பட்டிருக்கிறதா என்று படம் கேட்டுப் பாருங்கள்.

அளவு விஷயத்தில் 'டபிள் எக்ஸ்எல் போட்டால் சரி' என்று நினைக்க வேண்டாம். சீனத்து அளவுகள் எங்கள் கடை அளவை விட ஒன்று, சில வேளை இரண்டு படி சிறியவை. எழுத்தை விட்டுவிட்டுச் சென்ரிமீற்றர் அட்டவணையைப் பாருங்கள். அதிலும் கவனம் வேண்டும். நெஞ்சளவு 58 என்று போட்டிருந்தால் அது கோட்டைத் தட்டையாக விரித்து, ஒரு பக்கக் கமக்கட்டில் இருந்து மறுபக்கக் கமக்கட்டு வரை அளந்தது. சுற்றளவு 116. நெஞ்சு 40 அங்குலம் என்றால் சுமார் 102 சென்ரிமீற்றர். உள்ளே சேட்டும் போட்டு, கையை நீட்டி ஹான்டிலைப் பிடிக்க வேண்டுமானால் 116க்குக் குறைந்து வாங்காதீர்கள். கை நீளத்தைச் சில அட்டவணைகளில் தோளில் இருந்து அளக்காமல் பின்கழுத்தின் நடுவில் இருந்து அளந்திருப்பார்கள். அதைத் தோள் அளவு என்று நம்பி வாங்கினால் மணிக்கட்டு நனையும். சந்தேகமென்றால் வீட்டில் அளவான பழைய கோட் ஒன்றை நிலத்தில் விரித்து, அதை அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். காற்சட்டையை அளக்கும்போது முழங்கால் மடிந்து உட்கார்ந்த நிலையில் அளவெடுங்கள். நின்று அளந்த காற்சட்டை சைக்கிளில் ஏறியதும் கணுக்காலுக்கு மேலே போய்விடும்.

போர்வை மாதிரி ஒரே துண்டாக வரும் பொஞ்சோ பற்றி ஒரு வார்த்தை. சந்தைக்கு நடந்து போக, பஸ்ஸுக்குக் காத்து நிற்க அது நல்லது. சேலை கட்டியவர்களுக்கும் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் வசதி. ஆனால் மோட்டார் சைக்கிளில் போட வேண்டாம். பண்ணைப் பாலத்தில் கடற்காற்று இரு பக்கமும் அள்ளும். விளிம்பு மேலெழுந்து முகத்தை மூடும், கீழே தொங்கினால் சில்லிலோ செயினிலோ சுற்றும். பின்னால் இருப்பவரின் போர்வைக்கும் இதே கதைதான். தளத்தில் ஹெல்மெற் போட்ட ஒருவர் அதை அணிந்து சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தை நம்பாதீர்கள். நிறத்திலும் கவனமாக இருங்கள். கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்னமே இருட்டிவிடும், மழைக்குள் கறுப்புக் கோட் போட்டவர் பின்னால் வரும் பஸ்காரருக்குத் தெரியமாட்டார். மஞ்சள் இல்லாவிட்டால் முதுகில் ஒளி தெறிக்கும் பட்டியாவது இருக்கட்டும்.

விமர்சனங்களை வாசிக்கும்போது நட்சத்திரத்தை எண்ண வேண்டாம். பார்சல் வந்த அன்றே, மழையைக் காணாமலே, 'நல்ல துணி, வேகமாக வந்தது' என்று எழுதியவைதான் அதிகம். ஒழுகியது, கிழிந்தது, ஒட்டியது என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். வேறு மொழியில் இருந்தாலும் போனே மொழிபெயர்த்துத் தரும். பொதியின் நிறையும் உண்மையைக் காட்டிவிடும். மேலும் கீழுமாக இரண்டு துண்டு கொண்ட உறுதியான கோட் ஏறக்குறைய ஒரு கிலோ வரும். 200 கிராம் என்று போட்டிருந்தால் அது ஒரு மாரிக்கும் தாங்காது.

விலையில் முதலில் 'எந்த நாட்டுக்கு' என்ற இடத்தில் இலங்கையைத் தெரிவு செய்யுங்கள். அப்போதுதான் அனுப்பும் செலவு சேர்ந்த விலை தெரியும். அதற்கு மேல் சுங்க வரி வரலாம், 2024 ஜனவரி முதல் 18 வீதமாக இருக்கும் வற் வரியும் சேரலாம், வங்கி டொலர் மாற்றுவதற்குக் கட்டணம் எடுக்கலாம். எல்லாம் கூட்டிப் பார்த்தால் யாழ்ப்பாணம் பெரியகடையில் தொட்டுப் பார்த்து வாங்கக்கூடிய விலைக்கே வந்து நிற்பதும் உண்டு. முகவரியை ஆங்கிலத்தில் எழுதி, தபால் குறியீடும் தொலைபேசி எண்ணும் போடுங்கள். முக்கியமாக, எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்காரர்கள் தளம் தானாக நிரப்பும் முகவரியை அப்படியே விடாதீர்கள். அது தமிழ்நாட்டுத் திருநெல்வேலியைக் காட்டிவிட்டால் பார்சல் இந்தியாவுக்குப் போகும்.

இனி, நான் கண்ட மிகப் பெரிய பிழை. பார்சல் ஆவணியில் வரும். வெயில் காயும். 'மழை வரட்டும்' என்று அலுமாரியில் வைத்துவிடுவோம். மழை வந்து ஒழுகுவது தெரியும்போது முறைப்பாடு செய்யும் காலம் முடிந்திருக்கும். பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுங்கள். அன்றைக்கே கோட்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே வெளிர் நிறச் சேட்டோடு, கிணற்றடியில் ஒரு கதிரையில் உட்காருங்கள். யாரையாவது பத்து நிமிடம் பைப்பால் தோளிலும் மடியிலும் அடிக்கச் சொல்லுங்கள். சேட்டில் ஈரம் பட்ட இடம் நிறம் மாறித் தெரியும், அதைப் படம் எடுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்க அதுபோல் சாட்சி வேறில்லை. பொருளைத் திருப்பி அனுப்பச் சொன்னால், அனுப்பும் செலவு பொருளின் விலையையே தாண்டிவிடும். அதனால் பகுதிப் பணமாவது தரும்படி கேளுங்கள். அந்தப் பணம் கிடைத்தால், ரியூப்பில் வரும் தையல் பசையை உட்புறத் தையலில் பூசிக் காயவிட்டுப் பாவிக்கலாம்.

வாங்கியதைக் கெடுக்கும் பிழை ஒன்றும் இருக்கிறது. நனைந்த கோட்டைச் சுருட்டி ஸ்கூட்டியின் சீற்றுக்கடியில் வைப்போம், தை பிறந்ததும் மடித்துப் பெட்டியில் போடுவோம். கோட்டின் உட்பூச்சு பெரும்பாலும் பொலியூரித்தேன். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் அது மெல்ல மெல்லச் சிதையும். பாவிக்காமல் வைத்தாலும் சிதையும். ஒன்றோடொன்று பிசுபிசுத்து ஒட்டி, பிறகு வெள்ளைச் செதிலாக உதிரும். நிழலில் நன்றாகக் காயவிட்டு, மடிக்காமல் கொளுவிலேயே தொங்கவிடுங்கள். ஆடிக்கூழ் குடிக்கிற நாட்களில் ஒருமுறை எடுத்து உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். விரலில் செதில் ஒட்டினால், புதிதாக ஓர்டர் போட்டு மாரிக்கு முன் எடுக்க இன்னும் நாள் இருக்கும்.