நின்னு கிடந்த வண்டி இழுக்க மாட்டேங்குதா? இன்ஜின் போர் பிரிக்கும் முன் இதையெல்லாம் பாருங்க

தார்சாவில் சாக்கு மூடிக் கிடந்த அப்பா காலத்து ஸ்ப்ளெண்டரை வெளியே எடுத்து, உதைத்து உதைத்து ஒருவழியாக ஸ்டார்ட்டும் ஆகிவிட்டது. ஆனால் இழுவை இல்லை, நெல்லை ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம் ஏறுவதற்குள் இரண்டாம் கியருக்கு வந்து முக்குகிறது. உடனே 'போர் போயிருக்கும்', அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் தேய்ந்திருக்கும் என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். வருஷக்கணக்கில் சும்மா நின்ற வண்டியில் பெரும்பாலும் அடைபடுவது பெட்ரோல் வரும் வழியும் காற்று போய்வரும் வழியும்தான். (இது கார்புரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம், உள்ள வண்டிக்கு மட்டும்.)

ஒன்று மட்டும் முன்கூட்டியே. 2023 டிசம்பர் வெள்ளத்தில் முங்கிய வண்டி என்றால் கிக்கரையே தொடாதீர்கள். இன்ஜின் ஆயிலைப் பாருங்கள், மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, மாற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

சரி, முதல் வேலை பெட்ரோல். பழசை முழுக்க ஒரு கண்ணாடி பாட்டிலில் இறக்கிக் கொஞ்ச நேரம் வையுங்கள். வார்னிஷ் வாடை அடித்தால் கெட்டுவிட்டது, அடியில் தனியாக ஒரு படலம் நின்றால் அது தண்ணீர். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் பாதி டேங்கோடு நின்ற வண்டிக்குக் கேட்கவே வேண்டாம். புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். கொஞ்ச தூரம் நன்றாக ஓடி அப்புறம் அணைகிறதா? டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள், 'உஸ்' என்று காற்று உள்ளே போய் மறுபடி ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துளை அடைப்பு, குண்டூசி போதும்.

அடுத்து ஏர் ஃபில்டர், எலி பஞ்சும் தாளும் சேர்த்து வைத்திருக்கும். சைலன்சர் வாயையும் டார்ச் அடித்துப் பாருங்கள். குளவி மண் வைத்து அடைத்துவிட்டால் புகை போக வழியில்லாமல் இன்ஜின் மூச்சு முட்டும்.

இப்போது ஒரு சுற்று ஓட்டி, முக்குகிற அந்த நேரத்திலேயே அணைத்துவிட்டு, சூடு ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். முனை காப்பி நிறத்தில் இருந்தால் நல்லது. கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று போதவில்லை, வெளுத்திருந்தால் பெட்ரோல் வரத்து குறைவு, ஆயில் பிசுபிசுப்பு இருந்தால் உள்ளே ஆயில் எரிகிறது. இந்தக் கடைசி ஒன்றுக்குத்தான் உண்மையில் கவலைப்பட வேண்டும்.

வெளுத்திருக்கிறது, சோக் போட்டால் மட்டும் நன்றாக இழுக்கிறது என்றால் ஜெட் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் சின்னத் துளை உள்ள பித்தளைத் துண்டு) அடைப்பு. ஆக்சிலரேட்டரை விட்டதும் ஐட்லிங்கில் ஓடாமல் அணைந்துவிட்டால் ஸ்லோ ஜெட், ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது திணறினால் மெயின் ஜெட். கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும், மங்கலாகவோ கோணலாகவோ தெரிந்தால் பிசின் படிந்திருக்கிறது. துளைக்குள் கம்பியை மட்டும் நுழைத்துவிடாதீர்கள், ஜெட் பித்தளை, துளை பெரிதாகிவிடும். கிளீனர் ஸ்ப்ரே அடித்து, பஞ்சர் கடைக் காற்றை விட்டு ஊதுங்கள்.

இன்ஜினே குற்றவாளியாக இல்லாமலும் இருக்கலாம். சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், உடனே நின்றால் டிரம்மில் துரு ஏறி பிரேக் பிடித்துக் கிடக்கிறது. இன்ஜின் மட்டும் கத்தி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

இவ்வளவுக்கும் சரியாகவில்லை, கிக்கரும் எதிர்ப்பே இல்லாமல் லேசாக இறங்குகிறதா? பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி உதையுங்கள். கிக்கர் இறுகினால் பிஸ்டன் ரிங் தேய்மானம், அது போர் வேலை. இறுகவில்லை என்றால் வால்வு பக்கம் கசிவு, மெக்கானிக்கிடம் முதலில் டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கு போரைப் பிரிக்கவே வேண்டாம்.