ஒரு விழா, ஒரு கவிதை: சீன நிலவு விழாவை ஊராருடன் பகிர்ந்துகொள்வது எப்படி

சீனப் பண்பாட்டைத் தம் பகுதி மக்களுக்கு அறிமுகப்படுத்த முனைவோர், டிராகன் ஆட்டம், தேநீர், பட்டு, தூரிகை எழுத்து என அனைத்தையும் ஒரே மாலையில் அடுக்கிவிடுவது வழக்கம். வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். மறுநாள் எதுவும் மனத்தில் நிற்காது. ஒரு விழாவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனுடன் ஒரு கவிதையைச் சேர்த்து வழங்குவதே பயன் தரும் என்பது என் கருத்து. சீன மரபே இதற்கு வழி விடுகிறது. சீன நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளில் வரும் டிராகன் படகு விழா, மிலுவோ ஆற்றில் மூழ்கி உயிர்விட்ட கவிஞர் சூ யுவானின் நினைவோடு பிணைந்தது. ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் விழாவுக்கோ, கவிஞர் வாங் வேய் பதினேழு வயதில் ஊரைப் பிரிந்திருந்தபோது தம் சகோதரர்களை நினைத்து எழுதிய பாடல் இருக்கிறது.

முதல் முயற்சிக்கு எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள் வரும் நிலவு விழாவை, அதாவது நடு இலையுதிர்கால விழாவைப் பரிந்துரைக்கிறேன். முழுநிலவு யாருக்கும் விளக்க வேண்டிய பொருளன்று. இந்த மாதக் கணக்கு சீன நாட்காட்டியைச் சார்ந்தது என்பதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும்: 2025இல் அக்டோபர் 6, 2026இல் செப்டம்பர் 25. விடுமுறை நாள் வசதி என்று இரண்டு வாரம் தள்ளி வைத்தால் வானில் நிலவே இருக்காது. ஆகவே தேதியை முதலில் உறுதிசெய்துவிட்டு இடத்தைத் தேடுங்கள்.

அடுத்து, உங்கள் பகுதியில் வாழும் சீனக் குடும்பங்களைத் திட்டமிடும் கட்டத்திலேயே அழையுங்கள். மேடையில் அமர்த்துவதற்காக மட்டும் கடைசி வாரத்தில் அழைப்பது மரியாதையாகாது. பெருநிலச் சீனம், தைவான், ஹாங்காங், மலேசியா என அவர்கள் வந்த இடத்தைப் பொறுத்துப் பேச்சுமொழியும் பழக்கமும் வேறுபடும். எழுத்திலும் வேறுபாடு உண்டு: பெருநிலச் சீனத்திலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எளிமையாக்கப்பட்ட எழுத்து வழங்குகிறது, தைவானிலும் ஹாங்காங்கிலும் மரபு எழுத்து. அறிவிப்புத் தாளை அச்சிடும் முன் எதைப் பயன்படுத்துவது என்று அவர்களிடமே கேளுங்கள்.

கவிதைக்கு வருவோம். தாங் பேரரசுக் காலத்தவரான லி பாய் (701–762), அமைதியான இரவில் நிலவைக் கண்டு ஊரை நினைக்கும் பாடல் நான்கே வரி. வரிக்கு ஐந்து எழுத்தாக மொத்தம் இருபது எழுத்துகள். சீனக் குழந்தைகள் மிக இளம் வயதிலேயே மனப்பாடம் செய்வது இது. இதை மூன்று சுற்றாக வழங்குங்கள். முதலில், சீன மொழி பேசும் ஒருவர் பொருள் எதுவும் சொல்லாமல் இருமுறை வாசிக்கட்டும். இயைபு எங்கே விழுகிறது என்பதைக் காதே கண்டுகொள்ளும். பிறகு ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல் வீதம் பலகையில் எழுதுங்கள். கடைசி இரு வரிகள் இப்படி வரும்: உயர்த்து, தலை, நோக்கு, ஒளிர், நிலா, தாழ்த்து, தலை, நினை, பழைய, ஊர். யார் தலை உயர்த்துகிறார், எப்போது என்பதற்கு மூலத்தில் விடை இல்லை. எழுவாயும் இல்லை, காலம் காட்டும் விகுதியும் இல்லை. இதைக் கண்டவுடன் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். மூன்றாவதாக, ஒவ்வொருவரும் அந்தச் சொற்களிலிருந்து தம் மொழியில் இரண்டு வரி எழுதட்டும். நான், அவன், நாம் என்று யாரை எழுவாயாக்கினாலும் கவிதை வேறாகிவிடும். அதைப் பற்றிய பேச்சுக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஆயத்தமான மொழிபெயர்ப்பை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டால் இந்த இன்பம் முழுவதும் கெட்டுவிடும். முதல் வரியின் முதற்சொல் கட்டிலா, கிணற்றின் சுற்றுக்கட்டா என்று சீன அறிஞர்களே வாதிடுகிறார்கள் என்பதையும் சொல்லலாம். தவறாகப் பொருள் கொண்டுவிடுவோமோ என்ற அச்சம் அதனால் விலகும்.

விழாவின் கதைக்குப் பத்து நிமிடம் போதும். பத்துச் சூரியன்களில் ஒன்பதை அம்பெய்து வீழ்த்திய ஹோ யி, சாவாமை மருந்தைப் பெற்றான். அதை அருந்திய அவன் மனைவி சாங்-அ நிலவுக்குச் சென்றாள். அவள் அதைக் களவாடி அருந்தினாள் என்பது ஒரு வடிவம். கயவன் கையில் சிக்காதிருக்க அருந்தினாள் என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்லிவிட்டு, வந்திருக்கும் சீன மூதாட்டிகளிடம் தாங்கள் கேட்டு வளர்ந்தது எது என்று கேளுங்கள். பெரும்பாலும் மூன்றாவது ஒன்று கிடைக்கும்.

சிறுவர்களுக்குக் காகித விளக்குகளும் விடுகதைகளும். விளக்கில் விடுகதைச் சீட்டைத் தொங்கவிட்டு விடை கேட்பது பழைய வழக்கம். ஆனால் சீன விடுகதைகளில் பல, எழுத்தின் வடிவத்தைப் பிரித்து ஆடுபவை என்பதால் மொழிபெயர்ப்பில் உயிர் இழக்கும். உங்கள் மொழியின் விடுகதைகளையே தொங்கவிடுங்கள். மெழுகுவர்த்தி வேண்டாம், மின்கல விளக்கு போதும். தூரிகை எழுத்துக்கு மையையும் தவிர்க்கலாம்: சீனப் பூங்காக்களில் முதியவர்கள் நீளமான தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துக் கல்தரையில் எழுதுவதுபோல எழுதச் செய்யுங்கள். நிலவைக் குறிக்கும் எழுத்துக்கு நான்கே கோடுகள். சில நிமிடங்களில் உலர்ந்து மறைந்துவிடுவதால் பிழையைப் பற்றி எவரும் கூச்சப்படுவதில்லை.

இவ்விழாவில் உண்ணும் நிலவு அப்பம் கனமான பண்டம். ஆளுக்கொன்று வாங்கத் தேவையில்லை. குடும்பமாகத் துண்டு போட்டுப் பகிர்ந்துகொள்வதுதான் மரபு, ஒன்றை எட்டாக வெட்டலாம். பழைய முறையில் பன்றிக்கொழுப்புச் சேர்ப்பதுண்டு, உள்ளே உப்பிட்ட முட்டைக் கருவும் இருக்கலாம். உறையைப் படித்து, தட்டின் அருகே எழுதி வையுங்கள். பேச்சாளருக்குக் கடிகாரம் பரிசளிக்க வேண்டாம்: கடிகாரம் கொடுப்பது என்ற தொடரும் இறுதிக்கடன் செய்வது என்ற தொடரும் சீனத்தில் ஒரே ஒலி கொண்டவை.

மேகம் மூடினால் நிகழ்ச்சியை நிறுத்த வேண்டியதில்லை. அதற்கென்று ஒரு பாடலைக் கையில் வைத்திருங்கள். 1076ஆம் ஆண்டு இதே விழா இரவில் விடிய விடியக் குடித்துவிட்டு, தொலைவிலிருந்த தம்பியை நினைத்துக் கவிஞர் சு ஷி எழுதியது அது. மனிதருக்குப் பிரிவும் கூடலும் இருப்பதுபோல நிலவுக்கு மறைவும் ஒளியும், தேய்வும் நிறைவும் உண்டு என்கிறார். வானம் தெளிந்திருந்தால் லி பாயில் தொடங்குங்கள். மூடியிருந்தால் சு ஷியில் தொடங்குங்கள்.