ரிக்கில் காதில் விழும் சொற்களைப் பிடித்துக்கொள்வது எப்படி

எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் புதிதாகச் சேருகிற பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, இதுக்கெல்லாம் ஒரு டிக்‌ஷனரி இருக்கா?" என்பதுதான். இருக்கிறது. ஆனால் தெரியாத சொல்லால் பெரிய ஆபத்து இல்லை, யாரையாவது கேட்டுவிடுவோம். தெரிந்த மாதிரி இருக்கும் சொல்தான் காலை வாரும்.

எனக்கு அப்படி மாட்டியது 'கிக்'. ஒரு இரவு ஷிஃப்டில் டிரில்லர், அதாவது தோண்டும் இயந்திரத்தை இயக்குகிறவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்தச் சொல்லைச் சொன்னார். யாரோ எதையோ உதைத்துவிட்டார்கள் என்று நான் கீழே குனிந்து பார்த்தேன். மற்றவர்கள் ஓடினார்கள். மட் தொட்டியில் மட்டம் ஏறிக்கொண்டிருந்தது. மட் என்றால் வெறும் சேறு இல்லை, பாரைட் என்கிற கனமான தாதுப்பொடி கலந்து எடை கூட்டிய திரவம். பாறைக்குள் இருக்கும் அழுத்தத்தை அந்த எடைதான் அமுக்கி வைக்கிறது. உள்ளே அனுப்புவதைவிட அதிகமாக வெளியே வந்தால், கிணற்றுக்குள் வாயுவோ எண்ணெயோ தண்ணீரோ நுழைகிறது என்று அர்த்தம். அதுதான் கிக். பம்பை நிறுத்தி, பிஓபி என்கிற ராட்சத வால்வுகளை மூடினார்கள். கட்டுக்குள் இருக்கும்வரை கிக், கைமீறினால் புளோஅவுட். 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்கிற ரிக்கில் நடந்தது புளோஅவுட். 11 பேர் இறந்தார்கள்.

அதனால் நோட்டில் சொல்லுக்கு எதிரே அர்த்தத்தை மட்டும் எழுதாதீர்கள். அதைக் கேட்டதும் யார் என்ன செய்தார் என்றும் எழுதுங்கள். என் நோட்டில் 'ஃபிஷ்' என்பதற்கு எதிரே, "உள்ளே உடைந்து விழுந்த இரும்பு, தூண்டில் போட இரண்டு நாள் போனது" என்றிருக்கும். கிறிஸ்துமஸ் ட்ரீ, கிணற்றின் தலையில் உட்காரும் வால்வுக் கூட்டம். பிக், குழாய்க்குள் ஓடிச் சுத்தம் செய்யும் கருவி.

'சோர்' என்று சொன்னால் மட்டும் சிரிக்காதீர்கள். ஆங்கிலத்தில் அதற்குப் புளிப்பு என்று அர்த்தம், ஆனால் இங்கே புளிப்பு இல்லை, ஹைட்ரஜன் சல்ஃபைடு என்கிற விஷ வாயு. முதலில் அழுகிய முட்டை நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதி அடைந்தால் போச்சு, டிடெக்டரை மட்டும் நம்புங்கள்.

அப்ஸ்ட்ரீம், மிட்ஸ்ட்ரீம், டவுன்ஸ்ட்ரீம்: எடுப்பது, கொண்டுபோவது, சுத்திகரித்து விற்பது. அவ்வளவுதான். பேரல் என்பது சுமார் 159 லிட்டர்.

அப்புறம் இந்த 'எம்'. வாயுக் கணக்கில் ஒற்றை எம் ஆயிரம், ரோமன் எண்ணிலிருந்து வந்தது. எம்எம் என்றால் பத்து லட்சம். ஒருமுறை அறிக்கையில் ஒரு எம்மை விட்டுவிட்டேன், நல்ல கிணறு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. இப்போதெல்லாம் பக்கத்திலேயே பூஜ்யங்களையும் போட்டுவிடுகிறேன்.