குமரி எல்லைப் பகுதிப் பெரியவர் தம் வாழ்க்கையை எழுதும் முறை

கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் பிறந்து முதுமையை எட்டியவர் தம் வாழ்க்கையை எழுத உட்காரும்போது, பிறந்த நாளிலிருந்து தொடங்காமல், வீட்டுப் பெட்டியிலுள்ள பத்திரங்களிலிருந்து தொடங்குவது நல்லது. இப்பகுதி 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அதற்கு முந்தைய ஆவணங்களில் மலையாள எழுத்தும், கொல்லம் ஆண்டு எனும் மலையாள ஆண்டுக் கணக்கும் காணப்படும். கொல்லம் ஆண்டுடன், ஆவணிப் பிறப்பு முதல் டிசம்பர் முடியும் வரை 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடியும் வரை 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். மூத்தோர் சொல்லும் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' கொல்லம் 1099இல், அதாவது 1924 ஜூலையில் வந்தது.

அடுத்து வயலை எழுதுங்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு நெற்பருவங்களிலும் எந்த நெல் விதைத்தீர்கள், நடவுக்கு யார் வந்தார்கள், கூலி நெல்லாகவா பணமாகவா, குளத்து நீரை எந்த முறையில் பங்கிட்டீர்கள், அந்த நிலம் எப்போது, யார் முடிவால் வாழைக்கோ தென்னைக்கோ மாறியது என்பவற்றை விரிவாகச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் வேறெங்கும் படித்தறிய முடியாத பகுதி இதுவே.

குடும்பத்துக்கு ஒரு வம்சாவளிப் படம் போதும். (திருமணத்துக்கு வந்தவர்களின் பட்டியலை யாரும் படிப்பதில்லை.) பார்த்த வேலையைப் பதவிப் பெயரால் அல்லாமல், ஒரு நாளின் பணிகளால் விளக்குங்கள்.

பயணங்களை, நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயில் பாதை திறக்கப்பட்ட 1979க்கு முன், பின் எனப் பிரித்தால், ஆண்டு மறந்தவையும் வரிசைப்படும்.