ஏர் ரைஃபிளில் ஸ்கோப் பொருத்துவது எப்படி? நகராமல் உட்கார வைக்கும் முறை

அலங்காநல்லூர்ப் பக்கம் சித்தப்பாவுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. ஏர் ரைஃபிளில் புது ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கிக் குழாய்) மாட்டிக்கொண்டு அங்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமை சுட்டேன். 500 பெல்லட் டப்பா காலி. முதல் ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழும். அடுத்த ஐந்து இரண்டு விரல் தள்ளி விழும். ஸ்கோப்பில் குறியை நகர்த்தும் திருகைத் திருப்பிச் சரிசெய்வேன், மறுபடியும் தள்ளிப்போகும். துப்பாக்கியே கோளாறு என்று முடிவுகட்டியபோது சித்தப்பா சொன்னார்: "துப்பாக்கியக் குத்தம் சொல்லாதடா. மேல உக்காந்திருக்கறது ஆடுதான்னு மொதல்ல பாரு."

ஸ்கோப் ஆடவில்லை. ஆனால் நகர்ந்திருந்தது. மவுன்ட், அதாவது ஸ்கோப்பை வளையத்தால் பிடித்துத் துப்பாக்கியோடு சேர்க்கும் பிடி, இருந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு இருபது முறை சுட்டேன். கோட்டிலிருந்து 4 மி.மீ. பின்னால் வந்திருந்தது. இந்தப் பதிவில் பாதி அதைப் பற்றித்தான்.

நான் சொல்வது ஸ்பிரிங் வைத்த, குழலை மடக்கி லோடு செய்யும் .177 (குழல் விட்டம் 4.5 மி.மீ.) ஏர் ரைஃபிளுக்கு. குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாத இந்த ரகத்துக்கு நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. அதற்காக மொட்டை மாடியில் நின்று சுடலாம் என்று அர்த்தமில்லை. இலக்குக்குப் பின்னால் மண்மேடோ, பழந்துணி திணித்த மரப்பெட்டியோ கட்டாயம் வேண்டும். பறவை, அணில் பக்கம் குழல் திரும்பவே கூடாது.

எந்த சைட் (குறிபார்க்கும் கருவி) வாங்குவது

போட்டிக்குப் போகும் ஆசை இருந்தால் ஸ்கோப் வாங்காதீர்கள். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை, சின்னத் துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட்தான். அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியது அப்படிப் பார்த்துத்தான். அந்த இலக்கின் நடுப்புள்ளி வெறும் அரை மி.மீ. என்பதை நினைத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், முதல் மூன்று மாதம் துப்பாக்கியோடு வந்த திறந்த சைட்டிலேயே பழகுங்கள். பின் சைட்டை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ அந்தப் பக்கம் குண்டு போகும். முன் சைட்டை நகர்த்தினால் அதற்கு நேர்மாறு. இது கைவந்தால் ஸ்கோப்பில் குழப்பமே வராது.

ஸ்கோப்தான் என்று முடிவானால் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். ஒன்று, ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கென்று செய்ததா? வெடிமருந்தில் சுடும் பெரிய ரைஃபிள் பின்னோக்கி மட்டும்தான் உதைக்கும். ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும், பிஸ்டன் போய் முட்டியதும் முன்னால் துள்ளும். சாதாரண ஸ்கோப்பின் உள் கண்ணாடி இந்த இரட்டை உதைக்குத் தாங்காது. இரண்டு, 10 கஜ தூரத்துக்குக் குவியம் சரிசெய்ய முடிகிறதா? 100 கஜத்துக்கு என்று நிலையாக வைத்த ஸ்கோப்பில் 10 மீட்டர் இலக்கு மங்கும். கண் கொஞ்சம் அசைந்தாலும் குறுக்குக்கோடு இடம் மாறும்.

மாட்டுவது

துப்பாக்கியில் பெல்லட் இல்லை, ஸ்பிரிங் இழுத்து வைக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு தொடங்குங்கள். துப்பாக்கியின் முதுகில் இருக்கும் 11 மி.மீ. பள்ளத்தையும் மவுன்டின் கடிக்கும் பகுதியையும் பெட்ரோல் தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடையுங்கள். நான் முதலில் விட்ட தப்பு இதுதான். புதுத் துப்பாக்கியில் துருப்பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெய் அப்படியே இருந்தது.

இரண்டாவது தப்பு இன்னும் பெரியது. நான் வாங்கிய மவுன்டின் அடியில் ஸ்டாப் பின் என்ற சின்னத் திருகு இருந்தது. எதற்கென்று தெரியாமல் மேலே ஏற்றி விட்டுவிட்டேன். பள்ளத்தின் பின்பகுதியில் மேலிருந்து பார்த்தால் ஒரு குழி தெரியும். மவுன்டின் திருகுள்ள பகுதியை அதன்மேல் வைத்து, திருகை அந்தக் குழிக்குள் இறங்கும் வரை திருப்ப வேண்டும். துப்பாக்கி முன்னால் துள்ளும்போது ஸ்கோப் தன் கனத்தால் பின்னால் தங்கிவிடப் பார்க்கும். அதைத் தடுப்பது இந்த ஒரு திருகுதான், பக்கவாட்டுப் பிடி மட்டும் போதாது. குழியே இல்லாத துப்பாக்கியாக இருந்தால், மவுன்டுக்குப் பின்னால் தனியாகப் பூட்டும் ஸ்டாப் கட்டை கிடைக்கிறது. எனக்குத் தனித்தனி இரண்டு வளையத்தைவிட ஒரே துண்டாக வரும் மவுன்ட்தான் பிடிக்கும். பிடிக்கும் நீளம் அதிகம்.

அப்புறம் ஸ்கோப்பை வளையத்தில் தளர்வாக வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, கண்ணைத் திறங்கள். முழு வட்டமும் தெரிய வேண்டும். ஓரத்தில் கறுப்பு தெரிந்தால் ஸ்கோப்பை முன்னே பின்னே தள்ளுங்கள். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 8, 9 செ.மீ. இருக்கும்.

குறுக்குக்கோடு நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்க்க நான் கடையில் எதுவும் வாங்கவில்லை. தோப்பில் தொட்டி கட்ட வந்த கொத்தனார் அண்ணனிடம் தூக்குக்குண்டை வாங்கி 10 மீட்டர் தள்ளித் தொங்கவிட்டேன். துப்பாக்கியின் தட்டையான பகுதியில் அவருடைய ரசமட்டத்தை வைத்து நேராக்கினேன். ஸ்கோப்பின் செங்குத்துக் கோடு நூலோடு ஒட்டும் வரை ஸ்கோப்பைச் சுழற்றினேன். இதைவிடச் சுத்தமான வழி எனக்குத் தெரியாது.

வளையத் திருகுகளைக் கார் சக்கரத்து நட்டைப் போலக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கட்டும். ஆலன் கீயின் நீளமான கையைப் பிடித்து முழுப் பலத்தோடு திருப்பினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கிவிடும். கடைசியில் மவுன்டை ஒட்டிப் பென்சில் கோடு போட மறக்காதீர்கள்.

குறி சரிசெய்வது

துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முன்கட்டை விரித்த உள்ளங்கையில் சும்மா கிடக்க வேண்டும். மேசை விளிம்பில் வைத்துச் சுட்டால் குண்டு வேறிடம் போகும். ஐந்து குண்டு சுட்டு, அவற்றின் நடுவைப் பாருங்கள். ஒரு குண்டை வைத்துத் திருகைத் தொடவே கூடாது.

ஸ்கோப்பின் குறித் திருகில் 1/4 என்று எழுதியிருப்பது 100 கஜத்துக்கு ஒரு கிளிக்கில் கால் அங்குலம் என்ற கணக்கு. 10 மீட்டரில் ஒரு கிளிக் 0.7 மி.மீ.தான் நகர்த்தும். ஒரு செ.மீ. தள்ளியிருந்தால் 14 கிளிக். இது தெரியாமல் நாலு கிளிக் திருப்பிவிட்டு "வேலை செய்யலையே" என்று நிறையப் பேர் கைவிடுகிறார்கள்.

பின்னால் சேர்த்தது: மேல் திருகு கடைசிவரை போயும் குண்டு கீழேயே விழுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். மடக்கும் குழலில் இது சகஜம், குழல் லேசாகக் கீழ்நோக்கி இருக்கும். குளிர்பான அலுமினியக் கேனில் ஒரு துண்டு வெட்டி, பின் வளையத்துக்குள் ஸ்கோப்புக்கு அடியில் வையுங்கள். அதன் கனம் 0.1 மி.மீ. அளவுதான். வளையங்களுக்கு நடுவே 10 செ.மீ. இருந்தால் 10 மீட்டரில் ஒரு செ.மீ. மேலே தூக்கிவிடும். இரண்டு துண்டுக்கு மேல் வேண்டாம், குழாய் வளையும்.

இன்னொருவர், தாத்தா காலத்திலிருந்து உரிமத்தோடு வந்த, மேலே ரைஃபிள் குழலும் கீழே ஷாட்கன் (சிறு குண்டுகளைச் சிதறவிடும்) குழலும் உள்ள துப்பாக்கிக்கு எது பொருந்தும் என்று கேட்டார். அமெரிக்க சாவேஜ் 24 இந்த ரகம்தான், மேலே .22, கீழே .410. ஒரே சைட் இரண்டு வேலைக்கும் உதவ வேண்டும் என்பதால் திறந்த சைட்டோ உருப்பெருக்கம் குறைந்த ஸ்கோப்போ போதும். குறியை ரைஃபிள் குழலுக்கு வைத்துவிட்டு, அதே குறியில் ஷாட்கன் குழலின் சிதறல் நடு எங்கே விழுகிறது என்று காகிதத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் விழாது. பொருத்தும் வேலையை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள்.

ஆடிக் காற்றில் தூக்குக்குண்டு நிற்கவே மாட்டேன் என்கிறது என்று மேலூரிலிருந்து ஒரு தம்பி எழுதினான். ஒரு வாளித் தண்ணீருக்குள் குண்டு முங்கும்படி தொங்கவிடு தம்பி, நின்றுவிடும்.