செங்காந்தள் மேசை விளக்கு: கண்ணாடிக் குடை செய்யும் முறை

1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் வண்ணக் கண்ணாடி விளக்குகளுக்குப் பெயர்பெற்ற நியூயார்க்கின் டிஃபனி பட்டறையில் கிளாரா டிரிஸ்கோலும் அவர் தலைமையில் பணிபுரிந்த பெண்களும் செய்த பூ விளக்குகளில், இதழின் நிறம் பெரும்பாலும் தீட்டப்பட்டதன்று. கண்ணாடியில் இயல்பாக ஓடும் நிறத்தையே தேடி வெட்டினார்கள். அம்முறையைக் கற்க விரும்பும் கொங்கு நாட்டவர், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் விதைக்காகப் பயிரிடப்படும் செங்காந்தளை எடுத்துக்கொள்ளலாம். அடியில் மஞ்சளாகவும் நுனியில் சிவப்பாகவும் நெளியும் அதன் இதழ், இந்த வேலைக்கென்றே பூத்தது போன்றது.

குடையின் அளவிலேயே மரத்தில் ஓர் அச்சுக் கடைந்து, அதன்மேல் பூவை வரைந்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணிட்டுக் கெட்டித் தாளில் படியெடுக்க வேண்டும். கண்ணாடி தட்டையானது என்பதால், வளைவு கூடுமிடத்தில் துண்டுகள் சிறியனவாக இருந்தாக வேண்டும்.

விளக்கின் அழகு முழுவதும் அடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது. இதழின் வடிவில் துளையிட்ட அட்டையைச் சிவப்பும் மஞ்சளும் கலந்தோடும் கண்ணாடிப் பலகையின்மேல் வைத்து, பின்னால் விளக்கை எரியவிட்டு, நிறம் மாறும் இடம் துளைக்குள் சரியாக விழும்வரை நகர்த்திப் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்க்கும் நிறமும் ஒளி ஊடுருவும்போது தெரியும் நிறமும் வேறு என்பதால், கடைசியில் மாட்டப்போகும் பல்பையே இதற்கும் பயன்படுத்துவது நல்லது. ஒரே இதழுக்காகப் பலகையின் நடுப்பகுதியை வெட்ட நேர்ந்தாலும் தயங்கக் கூடாது. சிக்கனம் பார்த்த இதழ் வாடிய இதழாகவே தெரியும்.

வெட்டிய துண்டுகளின் விளிம்பைத் தேய்த்து, கழுவி, உலர்த்தி, சுமார் 5 முதல் 6 மி.மீ. அகலமுள்ள செம்பு டேப்பை இருபுறமும் சமமாக மடியும்படி ஒட்ட வேண்டும். தேவாலயச் சன்னல்களின் ஈயச் சட்டத்தைவிட மெல்லிய கோடு இதில் கிடைப்பதால்தான் வளைந்த குடையில் சிறு துண்டுகளை இணைக்க முடிகிறது. அச்சில் துண்டுகளை அடுக்கி, பற்று நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தடவி, 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த கம்பியால் வெளிப்புறத்தைப் பற்றவைத்த பின், குடையைக் கழற்றி உட்புறத்தைப் பற்றவைக்கலாம். கீழ் விளிம்பில் செம்புக் கம்பியும் மேலே பித்தளை வளையமும் சேர்த்தால் குடைக்கு உறுதி கிடைக்கும். காரீயம் நஞ்சு; காற்றோட்டமுள்ள இடத்தில், குழந்தைகளைத் தள்ளி வைத்து வேலை செய்து, கை கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது.

பற்றுக்கோடுகளுக்குச் செம்பு நிறம் வேண்டுமானால், கையுறை அணிந்து, மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலைத் துணியால் தேய்த்து, பின் நன்றாகக் கழுவ வேண்டும். குடை கனமானது என்பதால் வார்ப்புப் பித்தளையில் அகன்ற அடிப்பாகமும், சூடு குறைந்த எல்.இ.டி. பல்பும் பொருத்துவதே பாதுகாப்பு.