‘அந்தப் பேப்பரே ஆதரிக்குது’: அமெரிக்க பிரைமரிச் செய்திகளில் நாம் சறுக்கும் இடங்கள்

அமெரிக்க அதிபர் தேர்தல் வருடம் பிறந்தால் போதும், ‘இன்னாருக்கு நியூயார்க் டைம்ஸ் ஆதரவு’ என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். அதை நம்பி வாய்ச்சண்டையில் இறங்குவதற்கு முன் தேதியைப் பாருங்கள். 2008 ஜனவரியில் டைம்ஸ் ஜான் மெக்கெய்னைப் பரிந்துரைத்தது உண்மை. ஆனால் குடியரசுக் கட்சியின் பிரைமரிக்கு மட்டும். ஜனநாயகக் கட்சிக்கு அது சொன்ன பெயர் ஹிலாரி கிளின்டன். அக்டோபரில் அதே பத்திரிகை ஒபாமாவை ஆதரித்தது. பல்டி மாதிரித் தெரியும், பல்டி இல்லை. பிரைமரி என்பது கட்சிக்குள்ளேயே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். ‘இந்தக் கட்சிக்காரர்களில் யார் தேவலை?’ என்ற கேள்விக்கான பதில்தான் ஜனவரியில் வந்தது. ‘யார் அதிபராகலாம்?’ என்பது வேறு கேள்வி.

அடுத்தது, ‘பத்திரிகை’ என்றால் யார் என்பது. கட்சி ஏடுகளைப் படித்துப் பழகிய நமக்கு, தலையங்கம் ஒரு பக்கம் சாய்ந்தால் செய்தியும் அப்படித்தான் என்று தோன்றும். அங்கே பெரிய நாளிதழ்களில் ஆதரவை முடிவுசெய்வது பெரும்பாலும் தலையங்கம் எழுதும் ஆசிரியர் குழு. வேட்பாளர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். செய்தி சேகரிக்கும் நிருபர்களுக்கு அதில் பங்கில்லை. அதேபோல, வெளியாள் ஒருவர் எழுதிய கருத்துக் கட்டுரை பத்திரிகையின் ஆதரவு ஆகாது. தமிழில் செய்தி போடுபவர்கள் அடிக்கடி கோட்டைவிடும் இடம் இது.

பரிந்துரையை ஜோசியமாகப் படிப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சறுக்கல். நியூ ஹாம்ப்ஷயரில் யூனியன் லீடர் என்றொரு பத்திரிகை. பழமைவாதிகள் நடுவே செல்வாக்கு உள்ளது. 2015 நவம்பரில் குடியரசுக் கட்சி பிரைமரியில் நின்ற கிறிஸ் கிறிஸ்டியை ஆதரித்தது. 2016 பிப்ரவரியில் அந்த மாநிலத்திலேயே அவருக்குக் கிடைத்தது 6-வது இடம். மறுநாளே போட்டியிலிருந்து விலகினார். அதே மாதக் கடைசியில் அவர் போய் டிரம்ப் பக்கம் நிற்கவும், ‘இவரை ஆதரித்தது எங்கள் தப்பு’ என்று பத்திரிகையின் வெளியீட்டாளரே எழுத வேண்டியதாயிற்று. இப்படி ஒப்புக்கொள்ளும் பத்திரிகைகள் எத்தனை, சொல்லுங்கள்! 2020-இல் டைம்ஸ் ஜனநாயகக் கட்சி பிரைமரிக்கு ஒன்றுக்கு இரண்டாக எலிசபெத் வாரன், ஏமி குளோபுச்சர் இருவரையும் பரிந்துரைத்தது. மார்ச் முதல் வாரத்திலேயே இருவரும் விலகிவிட்டார்கள்.

அப்படியானால் இதெல்லாம் வெறும் பேப்பர்தானே என்றால், அதுவும் சரியில்லை. 2004-இல் அயோவா மாநிலத்தில் பின்தங்கிக் கிடந்த ஜனநாயகக் கட்சியின் ஜான் எட்வர்ட்ஸை, வாக்களிப்புக்கு ஒரு வாரம் முன்பு அங்குள்ள டெமாய்ன் ரெஜிஸ்டர் பத்திரிகை ஆதரித்தது. அவர் இரண்டாம் இடத்துக்கு வந்தார். அது மட்டுமே காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கு வருடம் கழித்து அதே பத்திரிகை ஹிலாரியை ஆதரித்தபோது அவர் மூன்றாம் இடம்தான். ஆனால் பிரைமரியில் எல்லோரும் ஒரே கட்சி. கட்சிப் பெயரைப் பார்த்து ஓட்டுப் போட வழியில்லை, கொள்கையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. அந்த நேரத்தில் உள்ளூர்ப் பத்திரிகையின் ஒரு வார்த்தை காதில் விழத்தான் செய்யும். வேட்பாளர்களும் அதை விளம்பரத்தில் போட்டுக்கொள்வார்கள்.

தலைப்போடு நிறுத்திக்கொள்ளாமல், ஆதரவு கிடைக்காத வேட்பாளர்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதையும் படியுங்கள். எனக்கு அதுதான் சுவையான பகுதி. சில சமயம் ஆதரவே இருக்காது, எதிர்ப்பு மட்டும் இருக்கும். 2007 டிசம்பரில் நியூ ஹாம்ப்ஷயரின் கான்கார்ட் மானிட்டர் பத்திரிகை, குடியரசுக் கட்சியின் மிட் ராம்னிக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று தனியாக ஒரு தலையங்கமே எழுதியது. அடுத்த மாதம் அங்கே மெக்கெய்ன் ஜெயித்தார். ராம்னி இரண்டாவதாக வந்தார்.